செம்மூக்கி வைக்காத மண்

காட்டுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. மனிதர்கள் எந்தக் காலத்திலோ வெட்டிவிட்டு மறந்துபோன ஏரி அது. கரை இருந்தது. கரைக்கு அடியில் கல்மடை இருந்தது. மடையைத் திறக்கவும் மூடவும்தான் ஆள் இல்லை. அதனால் அந்த வேலையை அங்கே வாழ்ந்த பிராணிகளே எடுத்துக்கொண்டன. கோரையையும் களிமண்ணையும் பிசைந்து மடைவாயை அடைத்து வைத்தன.

அந்த அடைப்பை எப்போது எடுப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று முடிவு செய்கிறவருக்கு மடைக்காரர் என்று பெயர். மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும், ஆண்டுக்கு ஒரு முறை, மடைக்காரரைத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுகிறவர்களுக்குக் கரைமேல் ஆளுக்கொரு குவியல். எல்லோரும் ஒரு வாய் களிமண் கொண்டுவந்து, தமக்குப் பிடித்தவர் குவியலில் வைக்க வேண்டும். மாலையில் எந்தக் குவியல் உயரமோ, அவர்தான் அடுத்த ஓராண்டுக்கு மடைக்காரர்.

பெரிய வாய்க்காரர்கள் கூடுதலாக வைத்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக நண்டு ஒருவன் காவலுக்கு நிற்பான். கொக்கு கொண்டுவந்தாலும் தவளை கொண்டுவந்தாலும் அவன் தன் கொடுக்கால் ஒரே அளவாகக் கிள்ளித்தான் குவியலில் சேர்ப்பான். மீன்களுக்கு மட்டும் மண் வைக்கும் உரிமை இல்லை. கரையேற முடியாதவர்களுக்கு உரிமை கிடையாது என்று யாரோ எப்போதோ சட்டம் போட்டுவிட்டார்கள். அது நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

அந்த ஆண்டு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருத்தி, ஏற்கெனவே மடைக்காரியாக இருந்த ஆமை. மற்றவன் வழுக்கன் என்ற நீர்நாய்.

ஆமை பேசினால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். தண்ணீர் மட்டம், வண்டல், கரையில் விழுந்த ஓட்டை என்று இதையே பேசுவாள். குஞ்சுகள் பொரித்து நீந்தப் பழகும்வரை மடையைத் திறக்க மாட்டேன் என்று இந்த முறையும் சொன்னாள். இளசுகள் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆமை அளவாகவே திறந்துவிட்டதால், அவர்கள் பிறந்ததிலிருந்து ஏரி வற்றியதே இல்லை. தண்ணீர் வற்றிப்போகும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வழுக்கன் ஆளுக்கு ஏற்றபடி பேசுகிறவன். கொக்குகளிடமும் பருந்துகளிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். ஏரியை வடித்துவிட்டால் மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், உட்கார்ந்த இடத்திலேயே வயிறு நிறையும் என்றான். கொக்குகளுக்கு அப்போதே எச்சில் ஊறிவிட்டது.

இளசுகளிடம் அவன் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்கு மண் வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. மண் வைக்கும் நாளன்று காலையிலேயே எதிர்க்கரைச் சரிவில் சேற்றை வழித்து, அருமையான சறுக்கு ஒன்று அமைத்தான். வாருங்கள், வந்து ஆசை தீர விளையாடுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டான். அவ்வளவுதான்.

செம்மூக்கி என்பவள் ஓர் இளம் தாழைக்கோழி. கறுப்பு உடம்பும் சிவந்த மூக்குமாக அழகாக இருப்பாள். ஏரி நடுவே கோரைப் புதரில் அவளும் அவள் கணவனும் முதன்முதலாக ஒரு மிதக்கும் கூடு கட்டியிருந்தார்கள். அதில் புள்ளி போட்ட முட்டைகள் இருந்தன. முட்டைக்குள் குஞ்சு அசைகிறதா என்று காதை வைத்துக் கேட்பதே இருவருக்கும் பொழுதுபோக்கு.

அன்று கணவன் அடைகாக்க, செம்மூக்கி மண் வைக்கக் கிளம்பினாள். அவள் திரும்பி வந்ததும் அவன் போவதாகப் பேச்சு. ஒரு வாய் களிமண்ணைக் கவ்விக்கொண்டு அவள் நீந்திப் போகையில் சறுக்குப் பக்கமிருந்து ஒரே கும்மாளம் கேட்டது. குமிழன் என்ற முக்குளிப்பான் பறவை அவளைப் பார்த்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவளோடு நீந்தி வளர்ந்தவன் அவன்.

"எங்கடி போற, வாயில மண்ணோட?" என்றான்.

அவள் அலகால் கரையைக் காட்டினாள்.

"உனக்கு வேற வேலை இல்லையா? ஆமை வந்தா என்ன, நீர்நாய் வந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான். நீ ஒருத்தி வைக்கிற மண்ணுலதான் ஏரி நிக்குதா?"

சறுக்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். செம்மூக்கிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அலகு திறந்துகொண்டது, மண் தண்ணீரில் விழுந்து கரைந்தது.

கீழே நின்ற ஒரு கெண்டை மீன் அதைப் பார்த்துத் திகைத்துப் போனது. மேலே வந்து மூச்சு வாங்க அவளிடம் கேட்டது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? எங்களுக்குத்தான் வைக்கக் கூடாதுன்னு சட்டம். உனக்கு யார் குறுக்க நின்னா?"

செம்மூக்கிக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வேறு மண் எடுத்துக்கொண்டு வெயில் தாழப் போகலாம் என்று நினைத்தாள். ஒரே ஒரு முறை சறுக்கிப் பார்ப்போம் என்று ஏறினாள். நன்றாக இருந்தது. மறுபடியும் ஏறினாள். அவள் கூட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கணவன் போகவும் நேரமில்லை. போனால் போகிறது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

கரையில் நண்டு குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டும் ஒரே உயரமாகத் தெரிந்தன. ஒரு கோரைத் தண்டை எடுத்து இரண்டுக்கும் குறுக்கே வைத்தான். தண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் தண்டின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டான்.

எல்லோரும் நெருங்கி வந்து பார்த்தார்கள். சொட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து ஆமையின் குவியல் பக்கம் உருண்டது. ஆமையின் குவியல்தான் தணிந்திருந்தது. வழுக்கன் ஜெயித்துவிட்டான்.

இளசுகள் அத்தனை பேர் இருக்கும் ஏரியில், அவர்களில் ஒருவர்கூட வந்து மண் வைக்கவில்லை என்பதைக் கிழட்டுத் தவளைகளால் நம்பவே முடியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் குமிழன் போய் வழுக்கனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்கே வழுக்கன் மடை அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது.

கோரைத் தண்டுகளின் வெளுத்த அடிப்பாகம் வெளியே தெரிந்தபோதுகூட செம்மூக்கி கவலைப்படவில்லை. மிதக்கிற கூடுதானே, தண்ணீரோடு சேர்ந்து இறங்கும் என்று கணவனைத் தேற்றினாள். கூடும் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் அது 'தொப்' என்று எதிலோ உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முட்டைகள் உருண்டு ஓரத்தில் முட்டிக்கொண்டன.

அவள் எட்டிப் பார்த்தாள். கீழே தண்ணீர் இல்லை. கறுப்பாக, ஈரமாக, வெடிப்பு விடத் தொடங்கிய சேறு இருந்தது. ஏரியின் நடுவிலும் தரை இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கரையிலிருந்து அவள் கூடுவரை அந்தத் தரை நீண்டு கிடந்தது. யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம்.

கணவனைக் காவலுக்கு வைத்துவிட்டு அவள் ஆமையிடம் ஓடினாள். ஆமை அவளைத் திட்டவில்லை. தனக்கு இப்போது மடைப்பக்கம் போகவே உரிமை இல்லை என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அடுத்துச் செம்மூக்கி நண்டிடம் ஓடினாள். இப்போது மண் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வீர்களா மாமா என்று கெஞ்சினாள். ஆண்டுக்கு ஒரு நாள்தான் அம்மா என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் வழுக்கனிடமே போனாள். அவன் மீன் தின்று உப்பிய வயிற்றோடு மடைக்கல்லில் படுத்திருந்தான்.

"அண்ணே, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் மடையை அடைச்சு வைங்க. அப்புறம் உங்க இஷ்டம்போல பண்ணிக்கோங்க" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. மரியாதையாகவே கேட்டான்.

"உட்காரும்மா. நீ எந்தக் குவியல்ல மண் வெச்ச?"

"எதுலயும் வைக்கலண்ணே."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஜெயிச்சதும் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு. ஒரேடியாத் திறந்தா கூடு கட்டினவங்க எல்லாம் அடுத்த வருஷம் என்னைத் தோற்கடிச்சுடுவாங்களேன்னு யோசிச்சேன். பாதி மட்டும் திறக்கலாம்னுகூட நெனச்சேன். அப்புறம் நண்டைக் கூப்பிட்டு, யார் யார் வந்தாங்கன்னு கேட்டேன். கூடு கட்டின இளசுகள்ல ஒருத்தரும் வரலைன்னான்."

அவன் மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"வராதவங்களுக்கு நான் ஏம்மா பயப்படணும்?"

கெட்ட எண்ணத்தோடு ஏதோ சொல்லித் திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தவள் செம்மூக்கி. அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அவளை அடித்துப் போட்டது.

அப்போது கோரைப் பக்கமிருந்து அவள் கணவன் அலறும் சத்தம் கேட்டது.

அவள் பறந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீரி ஒன்று பட்டப்பகலில், சேற்றில் கால் தடம் பதிய, கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்து வந்திருந்தது. கணவன் சிறகு கிழிந்து கோரை நடுவே கிடந்தான். கூட்டில் புள்ளி போட்ட ஓடுகள் மட்டும் கிடந்தன. உள்ளே குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்த முட்டைகள் அவை.

கீரி வாயைத் துடைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் நின்று சொன்னது.

"எத்தனையோ வருஷமா இந்தக் கோரையைக் கரையில நின்னு பார்த்து ஏங்கியிருக்கேன். இப்படி நீந்தாம நடந்தே வருவேன்னு கனவுலகூட நெனச்சதில்ல. யாருக்கு நன்றி சொல்றதுன்னே தெரியல."

செம்மூக்கிக்குத் தெரிந்தது. கணவனுக்கும் தெரிந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு இளசுகள் கூடிவிட்டார்கள். கூட்டில் கிடந்த ஓடுகளைப் பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் கூடும் சேற்றில்தான் உட்கார்ந்திருந்தது. கீரி திரும்பி வராமலா இருக்கும்? குமிழன் சொன்னான்.

"இப்படியெல்லாம் நடக்கும்னு யாருமே நமக்குச் சொல்லலையே."

"சொன்னாங்க" என்றாள் செம்மூக்கி. "ஆமையக்கா அத்தனை நாளும் கத்திக் கத்திச் சொன்னாங்க. நாம எதிர்க்கரையில சறுக்கிட்டு இருந்தோம்."

அதன் பிறகு அவள் கணவனின் கிழிந்த சிறகைக் கோதிவிட உட்கார்ந்தாள். மற்றவர்கள் தத்தம் கூடுகளைக் காக்க ஓடினார்கள். ஓடி என்ன செய்வது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மடையில் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

நீதி: யார் வந்தால் நமக்கென்ன என்று வாக்களிக்காமல் இருந்துவிடுகிறவரைப் பார்த்து ஆள்கிறவர் பயப்படுவதில்லை, வாக்களிக்காதவர் வீட்டு நல்லது கெட்டதை அவரைக் கேட்காமலேயே முடிவு செய்துவிடுவார்.