நச்சரிப்பு நல்லமுத்துவுக்கு வணக்கம்

"டீச்சர், இந்தச் சாஃப்ட்வேரை இப்பவே அழிச்சுப்போடுங்க."

மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் செங்கோட்டுவேலுக்கு மூச்சு வாங்கியது. கரூரில் லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு தைத்து அனுப்புகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள்.

ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். சின்னக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்து, பழக்கியும் விடுவாள். எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து நேராகப் பதில் வராது, திருப்பிக் கேள்விதான் வரும். அதனாலேயே முதலாளிகள் அவளை டீச்சர் என்றார்கள். பாதி கிண்டல், பாதி பயம்.

"உட்காருங்கண்ணா. என்ன ஆச்சு?"

"மானம் போச்சுங்க."

வாடிக்கையாளர் பெயரை அவர் தன் ஃபோனில் ஒழுங்காகப் பதிந்ததே கிடையாது. வாயில் வந்ததைப் பதிந்திருந்தார். நேற்று அத்தனையையும் ஜெசிந்தாவின் சாஃப்ட்வேர் வழியாக அப்படியே கிளவுடில் ஏற்றினார். இனி ஆபீஸ், வேன், கட்டிங் டேபிள் என்று எங்கிருந்தும் எல்லாரும் ஒரே பக்கத்தைப் பார்க்கலாம், அதில் எழுதலாம். பெருமை தாங்காமல், வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரு வணக்கம் அனுப்பச் சொன்னார்.

சாஃப்ட்வேர் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. "மதிப்பிற்குரிய கஞ்சன் கருப்பையா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து ஒருவரையும் விடவில்லை.

"கருப்பையா சிரிச்சுட்டாருங்க. கொடைக்கானல் லாட்ஜ்காரர் நல்லமுத்து சிரிக்கலை. பாதிக் கம்பெனி அவரு ஆர்டர்லதான் ஓடுது. சாயங்காலம் நேர்ல வர்றேன்னு ஒரே வரி அனுப்பியிருக்காரு."

"அவருக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நச்சரிப்பு நல்லமுத்து."

ஜெசிந்தா நல்லமுத்துவின் பக்கத்தைத் திறந்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"பேரை மாத்திரட்டுங்களா?" என்றார் அவர்.

"பேர் கிடக்கட்டும். அதுக்குக் கீழே பாருங்க."

"கீழே ஒண்ணுமே இல்லீங்களே."

"அப்படி என்னதான் நச்சரிச்சார்?"

"எப்பப் பார்த்தாலும் ஏதாவது சொல்லிட்டே இருப்பாருங்க."

"அந்த ஏதாவதை எழுதுங்க."

கீபோர்டில் கையை வைத்தார். ஒன்றும் வரவில்லை.

"சரி, உங்க ஆளுங்களை எழுதச் சொல்லுங்க."

ஆர்டரே போகப்போகிறது, இவள் கட்டுரை எழுதச் சொல்கிறாள். எரிச்சலோடுதான் ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி முளைத்தது. ஆபீஸிலிருந்து கலாமணி.

'துவைச்சா விரிப்பு சுருங்குது, மெத்தைக்கு அடியில சொருக முடியலை, நாலு இன்ச் கூட வைங்கன்னு சொன்னார். சரிங்க சார்னு சொன்னேன்.'

வேனிலிருந்து இப்ராஹிம்.

'நாலு இன்ச் கூட வேணுமாம். ஆபீஸ்ல சொல்லுங்க, நான் வெறும் டிரைவர்னு சொன்னேன்.'

கட்டிங் மாஸ்டர் தங்கராசு.

'நாலு இன்ச் கேட்டார். முதலாளி சொல்லாம வெட்ட முடியாதுன்னுட்டேன்.'



"இன்னும் ஒருத்தர் எழுதலையே," என்றாள் ஜெசிந்தா.

செங்கோட்டுவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒற்றை விரலால், தேடித் தேடி எழுதினார்.

'என்கிட்டயும் சொன்னார். அன்னைக்குத்தான் இந்தப் பேரை வெச்சேன்.'

எழுதி முடித்ததும் ஃபோனை எடுத்தார்.

"தங்கராசு, கொடைக்கானல் துணி வெட்டியாச்சா?"

"இப்பத்தானுங்க டேபிள்ல விரிக்கிறோம்."

"கத்தியை வைக்காதே. வந்துட்டேன்."

"சாஃப்ட்வேரை அழிக்கணுமா அண்ணா?" என்று ஜெசிந்தா கேட்டபோது அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

சாயங்காலம் நல்லமுத்து கம்பெனிக்கு வந்தார். கரூர் வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. செங்கோட்டுவேல் எழுந்து நின்றார்.

"கோவிச்சுக்கிட்டு வரலை," என்றார் நல்லமுத்து. "இத்தனை வருசமா நான் சொன்னதெல்லாம் கிணத்துல போட்ட கல்லுன்னுதான் நெனச்சேன். பேர் வைக்கிற அளவுக்குக் காதுல விழுந்திருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதான், இன்னொரு தடவை நேர்லயே சொல்லிப் பார்ப்போம்னு..."

"நாலு இன்ச்சுங்க," என்றார் செங்கோட்டுவேல். "கூட வெச்சே வெட்டியாச்சு."