அதே மண்ணுதான்

"நாளைக்குக் கூட்டத்துல நீங்க வாயத் தொறப்பீங்களா, மாட்டீங்களா மேடம்?"

வேதவல்லி மேடம் வரப்புல உக்காந்து, செருப்பக் கழட்டி, பாதத்த அமுக்கிக்கிட்டாங்க.

நான் இடுப்பளவு குழிக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன். காலையிலேர்ந்து தோண்டின குழி. மேல கறுப்புக் களிமண்ணு, அடியில மணலு. அதுக்கெல்லாம் கீழ, ரொம்ப ஆழத்துல, நெலக்கரி இருக்கான்னு பாக்க ஒரு கம்பெனி மிஷினோட வரப் போவுது; நாளைக்கு ஊர்க் கூட்டத்துல அதுக்குச் சம்மதம் கேக்குறாங்க.

அதுக்குள்ள எங்க மண்ணப் பாத்துச் சொல்லுங்கன்னு ஊர்க்காரங்க காலேஜக் கேட்டாங்க. வந்தது நாங்க ரெண்டே பேரு. மேடம் மண்ணப் பத்திப் பாடம் நடத்துறவங்க. நான் அவங்ககிட்ட ஆராய்ச்சி பண்றவ.

வயக்காரரு சந்திரகாசு ஒரு குடம் தண்ணி கொண்டாந்து வச்சாரு.

"கம்பெனித் தம்பி நல்லாத்தான் பேசுனாப்ல. கரிய எடுத்துட்டு, அதே மண்ணப் போட்டு மூடிக் குடுத்துடுவாங்களாம். பொறவு நடவு நடலாமாம். நாளைக்குச் சம்மதம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"அத நம்புறீங்களா ஐயா? வயல முழுங்கிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவான்!"

"ஏன் பாப்பா கத்துற? மண்ணு எங்க ஓடிடப் போவுது? அதே மண்ணுதானே?"

நான் மேடம் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்க மேடம்! நீங்க சொன்னா கேப்பாரு. போற ஊர்லயெல்லாம் இப்படியே உம்முன்னு உக்காந்துட்டு வந்தா எப்படி?"

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சும்மா."

"அப்ப நான் என்ன பண்றது?"

"குழிய மூடு."

ரொம்ப நல்லா இருக்கு. வயலே போவப் போவுது, இவங்களுக்குக் குழிய மூடணும்.

மம்பட்டிய எடுத்தேன். இந்தப் பக்கம் களிமண்ணக் குவிச்சிருந்தேன், அந்தப் பக்கம் மணல. எது கிட்ட இருந்துச்சோ அத வாரித் தள்ளினேன். குழி ரொம்பி, மிச்ச மண்ணு மேடா நின்னுச்சு. ஏறி நின்னு மிதிச்சேன்.

"போதுமா?"

மேடம் எழுந்து வந்தாங்க. நடுவுல கையால லேசாப் பள்ளம் பண்ணி, குடத்துலேர்ந்து தண்ணி ஊத்தினாங்க.

சொர்ருன்னு உள்ள போயிடுச்சு.

பக்கத்துல தோண்டாத மண்ணுல ஒரு மாட்டுக் குளம்பு பதிஞ்சிருந்துச்சு. முந்தாநாள் பேஞ்ச மழைத் தண்ணி அதுல இன்னும் நின்னுக்கிட்டிருந்துச்சு. மேடம் அத ஒரு தடவ பாத்தாங்க.

சந்திரகாசு குனிஞ்சு பாத்தாரு.

"அதே மண்ணுதானே போட்டீங்க?"

"அதே மண்ணுதான்"னாங்க மேடம்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

"ஐயா, அது நான் கோவத்துல கலந்து தள்ளிட்டேன். மணல அடியில போட்டு, களிமண்ண மேல போட்டா தண்ணி நிக்கும்."

"நிக்குமா?"ன்னு மேடம் கேட்டாங்க.

"நிக்கும்."

"போடு."

திரும்பத் தோண்டினேன். கலந்தத எப்படிப் பிரிக்கிறது? களிமண்ணுக் கட்டி பூரா மணல் ஒட்டிக்கிட்டிருக்கு. குந்திக்கிட்டு விரலால தொடச்சுத் தொடச்சுப் போட்டேன். முதுகு விட்டுப்போச்சு. வெயில் எறங்கிடுச்சு. சந்திரகாசு பீடி பத்த வச்சாரு. மேடம் கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. தூங்குறாங்களோன்னு நெனச்சேன்.

மணல் அடியில. களிமண்ணு மேல. நல்லா மிதிச்சேன்.

"இப்ப ஊத்துங்க!"

ஊத்தினாங்க.

நின்னுச்சு.

"பாத்தீங்களா?"ன்னேன்.

மூணு பேரும் அந்தத் தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தோம். ஓரத்துல ஒரு குமிழி விட்டுச்சு. அப்புறம் இன்னொண்ணு. தண்ணி மெதுவா எறங்கி, எறங்கி, வெறும் ஈரம்தான் மிச்சம்.

குளம்புத் தண்ணியில மட்டும் வானம் தெரிஞ்சுது.

"கட்டிக்கு நடுவுல சந்து இருக்கு, அதான்! இன்னும் நல்லா அழுத்தினா நின்னுடும். ரோலர் வச்சு அழுத்தலாம். கொஞ்சம் டைம் குடுத்தா தானா எறுகிடும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு மேடம், முறையா பண்ணினா..."

சந்திரகாசு பீடியக் கீழ போட்டாரு.

"கம்பெனித் தம்பியும் இதேதான் சொன்னாப்ல பாப்பா. ரோலரு, டைமு, முறை, எல்லாம்."

நான் மம்பட்டியக் கீழ வச்சேன்.

மேடம் செருப்ப மாட்டிக்கிட்டு, குடத்த எடுத்து அவருகிட்ட நீட்டினாங்க.

அவரு வாங்கிக் கவுத்துப் பாத்தாரு. ஒரு சொட்டு விழுந்துச்சு.

"நாளைக்குக் கூட்டத்துக்கு இத நான் ரொப்பிக் கொண்டாறேன்"னாரு. "மம்பட்டிய அந்தக் கம்பெனித் தம்பி கையில குடுங்க."