மண்குடத்தின் அறிவிப்பு

ஒரு காலத்தில் பொருள்களே கூடி நடத்திய சந்தை ஒன்று இருந்தது. புளியங்காட்டுச் சந்தை என்று பேர். மனிதர்கள் தலையிடாததால் ஓரளவு ஒழுங்காகவே நடந்துவந்தது.

சந்தையை ஆண்டது ஒரு மூங்கில் தடி. அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யார் என்ன பேசினாலும் தடி அவர்கள் வாயைத் தொடக் கூடாது. சந்தை வாசலில் ஒரு கல்லில் அப்படி வெட்டி வைத்திருந்தார்கள். தடி அந்தக் கல்லுக்குத் தினமும் மாலை போட்டுக் கும்பிடும்.

பேசுவதற்கு ஒலிபெருக்கி இருந்தது. அது தனியார். சொந்தமாக மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த பெட்டி, சொந்தமாக ஒயர், புளியமரத்து உச்சியில் சொந்தமாக இரண்டு குழாய். மூடியைத் தொலைத்த பாத்திரம், வெங்காயம் மலிவு என்று கூவ நினைக்கும் கூடை, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். சந்தை இரைச்சலில் குழாய் வழியே வராத பேச்சு பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்காது.

சந்தை நடுவே நான்கு இரும்புக் கால்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. அதன் அடியில் மண்பாண்டங்கள் தண்ணீருக்கு வரிசை கட்டும். ஒருநாள் அந்த வரிசையில் நின்ற மண்குடம், தொட்டியின் ஒரு கால் துருப்பிடித்து அரித்திருப்பதைப் பார்த்தது. தண்ணீர் ஏற ஏற அந்தக் கால் லேசாக வளைந்தது. தொட்டி சாய்ந்தால் மண்குடத்தின் சொந்தபந்தத்தில் ஒன்றுகூட மிஞ்சாது.

தடியிடம் ஓடிப்போய்ச் சொன்னது.

"நான் பாத்துக்கிடுதேன். நீ போம்மா" என்றது தடி. தொட்டியைக் கட்டியதே தடிதான். அதற்காகப் போட்ட பொன்னாடைகூட இன்னும் கசங்கவில்லை.

"சரிய்யா. எதுக்கும் அடுத்த சந்தையில மைக்ல ஒரு வார்த்த சொல்லிருதேன்" என்றது மண்குடம்.

அன்று சாயங்காலம் தடி ஒலிபெருக்கியோடு உட்கார்ந்து டீ குடித்தது.

"என்ன அண்ணாச்சி, யாவாரம் எப்படிப் போகுது?"

"ஒங்க புண்ணியத்துல ஓடுதுய்யா."

"கம்பத்துல ஒயர் கட்டுத அனுமதி அடுத்த மாசம் முடியுது போல. நான் இருக்கேன், கவலப்படாதிய. அப்புறம், அந்த மண்குடம் தொட்டியப் பத்தி வதந்தி பரப்பிக்கிட்டுத் திரியுது. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களாப் பாத்துச் செய்யுங்க."

ஒலிபெருக்கி தலையாட்டியது. டீ ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அடுத்த சந்தையில் மண்குடம் மைக் முன்னால் நின்று தொண்டை வறளக் கத்தியது. குழாயில் ஈ பறக்கும் சத்தம்கூட வரவில்லை. அதற்கு முன் பேசிய வெங்காயக் கூடையின் குரலோ ஊரையே தூக்கியிருந்தது.

"அண்ணாச்சி, சத்தம் வரலியே?"

"எம் பெட்டி, எந் திருகு. யாரக் கூட்டணும் யாரக் கொறைக்கணும்னு நாந்தான் முடிவு பண்ணுவேன். புடிக்கலேன்னா வேற மைக் பாத்துக்கோ தாயி."

மண்குடம் தடியிடம் போனது. "நான் ஒன் வாயத் தொட்டனா? வாசக்கல்லப் போய்ப் படிச்சுப் பாரு" என்றது தடி.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பி வரும் வழியில் தடி அன்று டீ குடித்த கிளாஸ் மண்குடத்தை நிறுத்தி, தான் கேட்டதையெல்லாம் ஒப்பித்தது. கண்ணாடிக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. மண்குடம் அதையும் கூட்டிக்கொண்டு தராசிடம் போய் முறையிட்டது.

சந்தை வழக்குகளைத் தீர்ப்பது தராசுதான். ஒரு தட்டில் எடைக்கல்லை வைக்கும். மறு தட்டில் ஏறுகிறவர் செய்த தப்பு எவ்வளவோ, அவ்வளவு எடை காட்டும். கல் மேலே எழும்பினால் குற்றம் உறுதி.

தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். முதலில் தடி ஏறியது. டீ குடித்தது, நலம் விசாரித்தது, அவ்வளவுதானே. கல் அசையவில்லை. அடுத்து ஒலிபெருக்கி ஏறியது. சொந்தத் திருகைச் சொந்தக் கையால் திருகியது, அவ்வளவுதானே. கல் அசையவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"வழக்கு முடிஞ்சுது" என்றது தராசு.

"முடியலய்யா. ரெண்டு பேரையும் சேத்து ஒரே தட்டுல ஏத்துங்க" என்றது மண்குடம்.

"அப்படி எடை போட்டு வழக்கமில்லையேம்மா."

"எஞ் சத்தத்த அமுக்கும்போது அவுக தனித்தனியா வரலியேய்யா."

தராசின் முள் சற்று நேரம் ஆடி நின்றது. பிறகு, "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றது.

தடி ஏறியது. ஒலிபெருக்கி தயங்கித் தயங்கி அதன் பக்கத்தில் ஏறியது. தட்டு நேரே தரையில் போய் மோதியது. கல் அந்தரத்தில் தொங்கியது.

"திருகத் தொறந்து விடும் அண்ணாச்சி" என்றது தராசு.

ஒலிபெருக்கி திறந்துவிட்டது. தடி ஒன்றும் நடக்காததுபோல இறங்கிப்போய், வெயிலுக்கு ஒதுங்கி, தொட்டிக்கடி நிழலில் நின்றுகொண்டது. மண்குடம் மைக்கைப் பிடித்தது. கத்தவில்லை, இப்போது அதற்கு அவசியமும் இல்லை.

"தொட்டிக்கடியில நிக்கிறவுகல்லாம் வெளிய வந்துருங்க. கால் அரிச்சுப்போச்சு. எப்ப வேணாலும் சாயும்."

பானையும் சட்டியும் திகைத்து, என்ன ஏது என்று ஒன்றையொன்று விசாரித்தன. எதுவும் விசாரிக்காமல் முதல் ஆளாக வெளியே ஓடியது தடிதான்.