பாட மறுத்த கடிதம்

கரிசல் சீமையில் ஒரு பாலிடெக்னிக். அதன் தாளாளர் தங்கமாரியப்பன் தன் பெருமையைச் சொல்ல எடுத்த படம், ஆண்டு விழாவன்று காலையில் அரங்கத்தில் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் மட்டும் போட்டது. திரை கறுப்பாகவே நின்றது.

"நானே எம்பி4-ஆ மாத்திக் கொடுத்த வீடியோ. விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல நீ போட்டு வச்ச இந்த லினக்ஸ்தான் கோளாறு," என்றார். "புதுசா எந்த சாஃப்ட்வேரையும் ஏத்தக்கூடாது. அரை மணி நேரத்துல படம் தெரியணும். இல்லேன்னா லினக்ஸும் வெளியே, நீயும் வெளியே."

லேப் உதவியாளர் செண்பகவல்லி ஃபைலைப் பார்த்தாள். அவர் மாற்றியது பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும்தான். இதை அவரிடம் யார் சொல்வது?

"சார், அதுக்கு முன்னால இந்தப் பாட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

அவர் கிளிக் செய்தார். ஒரு முனகல்கூட வரவில்லை.

"என்னம்மா, பாட மாட்டேங்குதே?"

"அது லெட்டர் சார். கடைசியில எம்பி3-ன்னு பேரை மாத்தி வச்சேன்."

தாளாளர் தொண்டையைக் கனைத்தார். "அப்போ என் வீடியோவும்..."

"பேர் மட்டும் மாறியிருக்கு சார். உள்ள இருக்கிற படத்தைப் பிரிச்சுக் காட்ட கோடெக்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஏத்தணும். ரெண்டு நிமிஷம்."

"ஏத்தித் தொலை."

ஏற்றினாள். திரையில் தாளாளர் மாலையோடு சிரித்தார். அரங்கமே மூச்சு விட்டது. அவருக்கும் மனசு இளகிவிட்டது.

"ஆமா, அது என்ன லெட்டர்?"

"என் லீவு லெட்டர் சார். மூணு வாரமா உங்க மெயில்ல கிடக்கு. பாட்டுன்னு சொன்ன பிறகுதான் அதைத் தொட்டீங்க."

அனுமதி கொடுக்க அவருக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.