முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ

தென்காசிக்கு மேற்கே நொச்சிக்கால் என்றொரு ஊர் உண்டு. பிறந்தபோது கிடைத்த மூளையைக் கைபடாமல், கசங்காமல், அப்படியே புதுசாகப் பாதுகாத்து வந்த மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் மூத்தவன் சொரிமுத்து. அவனுடைய மச்சினன் பூதத்தான் இரண்டாவது. மூன்றாவது தளவாய், சொரிமுத்துவின் கூட்டாளி. ஏதாவது யோசிக்க வேண்டும் என்றால் மூவரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். அதனால் தவறு நேர வாய்ப்பே இல்லை, நேரே விபத்துதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொரிமுத்துவின் கை பொன்னான கை. குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் எண்ணெய் தேய்த்துவிட்டவன். ஒருவர் முதுகில் உள்ளங்கையை வைத்தால் வலி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். கைக்குத் தெரிந்தது தலைக்குப் போய்ச் சேராததுதான் குறை.

சொந்தமாக ஒரு மசாஜ் நிலையம் வைக்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. மாமனார் கோமதிநாயகம் பஜாரில் இருந்த தன் கடையைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, ஒரு மாசம் பாப்பேன். கட்டில் நிறையணும். நிறையலைன்னா கடை பிராய்லர்காரருக்கு. நீங்களும் அவர்கிட்டயே கோழி உரிக்க நிக்க வேண்டியதுதான்."

சொரிமுத்து ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள். மூன்று கட்டிலைப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு ஓடினான். அங்கே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த ஜெபஸ்டினாவுக்கு விளம்பரம் தெரியும், வியாபாரம் தெரியும். இவர்களைத்தான் அவளுக்குச் சரியாகத் தெரியாது. பாவம், யோசனை சொன்னாள்.

"கடைக்குள்ள கால் வச்ச ஆளைச் சும்மா விட்டுறாதீங்க. ஊர்ல எல்லார் வாயிலயும் உங்க பேரு இருக்கணும். வைத்தியம் பார்த்தா முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் போடுங்க. ஜனம் தானா வரும்."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். மனப்பாடத்தில் அவர்களுக்கு இணை கிடையாது.

மறுநாள் காலை மீட்டர் கணக்கெடுக்கிறவர் வந்தார். வாசலில் நின்று, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, எட்டி மீட்டரைப் பார்த்தார். தளவாய் பாய்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, கால் வச்சுட்டாரு!"

"ஒரு காலைத்தானல வச்சிருக்காரு," என்றான் சொரிமுத்து கவலையோடு. "ஃப்ளெக்ஸ் கடை அக்கா கால் வச்ச ஆளைன்னுதான் சொன்னாங்க. எத்தனை காலுன்னு சொல்லலையே?"

பூதத்தான் வெகுநேரம் யோசித்தான். "அத்தான், உள்ள இருக்கிறது நம்ம கஸ்டமரு. வெளிய இருக்கிறது ரோட்டுக்குச் சொந்தம். அதைத் தொட்டா தப்பு."

"யோவ், காலை விடுங்கய்யா! இன்னும் நாப்பது வீடு கிடக்கு!" என்று அவர் கத்தினார்.

பூதத்தான் சொன்னது நியாயமான தீர்ப்பு என்று மூவருக்கும் பட்டதால், அவரை வாசற்படியிலேயே உட்கார வைத்து வலது காலுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் எண்ணெய் போட்டு நீவினார்கள். அவர் எழுந்து நடந்தபோது வலது கால் காற்றில் மிதந்தது. இடது கால் பத்து வருஷ வலியோடு பின்னாலேயே இழுபட்டு வந்தது. பஜார் முழுக்க அவர் அப்படிச் சாய்ந்து போனதைப் பார்த்துவிட்டு, இடுப்பு வலிக்காரர் இரண்டு பேர் வழியிலேயே திரும்பி வீட்டுக்குப் போனார்கள்.

"பேரு இன்னும் வாய்க்குப் போகலை, அதான்," என்றான் சொரிமுத்து.

வாய்க்குள் போக வேண்டுமென்றால் தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும். இதில் விவாதமே எழவில்லை. மிட்டாய்க் கடையில் பெயரை எழுத்து எழுத்தாக ஜிலேபி பிழியச் சொன்னார்கள். கடைக்காரர் 'சொ' பிழிந்தார், 'ரி' பிழிந்தார். 'மு'வில் மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூசணிக்காய் மாதிரி வந்தது. "ரெண்டு எழுத்துக்கு மேல நம்மால ஆகாது," என்று கரண்டியை வைத்துவிட்டார்.

அந்த இரண்டு எழுத்தையும் ஜோடி ஜோடியாக நூறு பேருக்கு பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார்கள். ஜெபஸ்டினா சொன்னபடியே சாயங்காலத்துக்குள் எல்லார் வாயிலும் பெயர் இருந்தது. "பஜார்ல சொறிக்கு ஒரு வைத்தியசாலை வந்திருக்காம்!" எந்த ரி, எந்த றி என்று நாக்குக்கு என்ன தெரியும்?

மறுநாள் அரிப்பும் படையுமாக ஏழு பேர் வந்து, எண்ணெய் வாடை பிடிக்காமல் திட்டிவிட்டுப் போனார்கள். எட்டாவதாக ஒருவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நாலு காலையும் உள்ள வச்சிருச்சு அத்தான்," என்றான் பூதத்தான் பயபக்தியோடு. "மீட்டர்காரரை விட நல்ல கஸ்டமரு."

நாய்க்கு முழு மசாஜ் நடந்தது. கடிக்க வந்த நாய் சொரிமுத்துவின் கை பட்டதும் கண்ணைச் சொருகிப் படுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தார்கள், துணி மாதிரித் தொங்கியது. ஆட்டோ வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட பிறகும் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியம். குனிந்தால் நிமிர முடியாத முதுகு. சொரிமுத்து ஒரு வாரம் பிடித்துவிட்டதில் மனிதர் தென்னை மரம் மாதிரி நிமிர்ந்துவிட்டார். ஊருக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கடைசியில் கிடைத்தது. உடனே அதைக் கெடுக்கும் ஏற்பாட்டில் இறங்கினார்கள்.

"சார், போட்டோ எடுக்கணும். அசையாம நில்லுங்க," என்றான் தளவாய். முன்னாடி ஒன்று எடுத்தான், முகமும் தொந்தியும் தெரிந்தன. "திரும்புங்க சார்." பின்னாடி ஒன்று எடுத்தான், பின்மண்டையும் முதுகும் தெரிந்தன. ஜெபஸ்டினா அன்று கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கடையில் இருந்தவர், தளவாய் கொடுத்ததை அப்படியே அடித்துக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் பத்தடி ஃப்ளெக்ஸ் ஏறியது. 'மசாஜுக்கு முன்னாடி' என்ற எழுத்துக்குக் கீழே வாத்தியாரின் முகம். 'மசாஜுக்குப் பின்னாடி' என்ற எழுத்துக்குக் கீழே முகமே இல்லாத வாத்தியார்.

"ஐயையோ, நல்லாத்தானே இருந்தாரு! மூஞ்சியவே தேய்ச்சு எடுத்துட்டானுகளே!" என்று பூக்காரம்மா அலறினாள். வாத்தியார் வீட்டு வாசலில் ஆறுதல் சொல்லக் கூட்டம் கூடியது. அவர் முகத்தோடு வெளியே வந்து நின்றும், பாதிப் பேர் நம்பவில்லை.

அதோடு ஆள் வரத்து நின்றது. முப்பதாவது நாள் மத்தியானம் சொரிமுத்து காலிக் கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கையாலா கோழி இறகைப் பிய்க்கப்போகிறோம் என்று நினைத்து, அதற்கே கொஞ்சம் எண்ணெய் தடவி நீவிவிட்டான்.

எதிர்க்கடையிலிருந்து வந்து அதைப் பார்த்த ஜெபஸ்டினாவுக்கே மனசு கேட்கவில்லை. "முதல்ல நீங்க மூணு பேரும் உடம்பைத் தளர விடுங்க. இப்படி விறைச்சுப்போய் இருந்தா உங்ககிட்ட எவன் முதுகைக் காட்டுவான்?"

சொன்னால் செய்யாமல் இருப்பார்களா? ஒருவரையொருவர் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு கட்டிலில் படுத்து, முகத்தில் வெந்நீரில் பிழிந்த துண்டைப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டார்கள்.

நாலு மணிக்கு மாமனார் பிராய்லர்காரரோடு சாவி வாங்க வந்தார். மூன்று கட்டிலிலும் எண்ணெய் மினுங்க மூன்று உடம்பு. கோமதிநாயகம் பூதத்தானைப் பெற்றவர் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது.

"ஓய், கட்டிலு ஃபுல்லு!" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் கிடந்த உடம்பின் தோளைத் தட்டி, "ஐயா, மசாஜ் பண்ற ஆளுக எங்க?" என்று கேட்டார்.

துண்டுக்குள்ளிருந்து சொரிமுத்து தூக்கக் கலக்கத்தில் முனகினான். "தெரியலையே... நானும் படுத்துத்தானே கிடக்கேன்."

மாமனார் பிராய்லர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் வீட்டில் மருமகனைப் பிடித்துக்கொண்டார். "கஸ்டமர் மூணு பேரு படுத்துக் கிடக்காங்க, உங்கள்ல ஒருத்தரையும் காணோம்! வேலைக்கு ஆள் பத்தலைன்னா சேர்க்க வேண்டியதுதானே? கடை உங்களுக்குத்தான். நாளைக்கே மூணு ஆளைப் போடுங்க!"

சொரிமுத்துவுக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்று பேர் வந்து படுத்ததுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறோமே! அன்றே ஃப்ளெக்ஸ் அடித்துக் கடைமேல் கட்டினான். 'மசாஜ் தெரிந்த மூன்று ஆட்கள் உடனடியாகத் தேவை. காலை எட்டு மணிக்கு நேரில் வரவும்.'

மறுநாள் ஏழரைக்கே கடை வாசலில் வரிசை நின்றது. துவைத்த சட்டையும் நெற்றியில் திருநீறுமாக முதலில் சொரிமுத்து, அவனுக்குப் பின்னால் பூதத்தான், கடைசியில் தளவாய்.

"அத்தான், முன்ன எங்க வேலை பார்த்தேன்னு கேட்டா என்ன சொல்ல?"

"இதே பஜார்ல ஒரு மாசம் பார்த்தோம்னு சொல்லு."

"ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேட்டா?"

சொரிமுத்து மடியில் இருந்த கடைச் சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.

"அந்த முதலாளி கொஞ்சம் விவரம் பத்தாத ஆளுன்னு சொல்லிரு."