முன்கூட்டியே ஏறிய ஒரு மணி நேரம்

எங்கள் கொரட்டூர் அடுக்ககத்தின் ஏ பிளாக்கில் ஒரு காலை நடைக் குழு இருக்கிறது. உறுப்பினர்கள் நாலு பேர். நாலு பேரும் நல்லவர்கள். ஒருவரைப் பற்றி நல்லவர் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

தலைவர் ஆளவந்தார், ரிட்டையர் ஆன அதிகாரி. ஆபீஸில் அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் போனதும் இந்தக் குழுவை ஆரம்பித்தார். செயலாளர் மாசிலாமணி, யார் தும்மினாலும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவைப்பவர். மூன்றாவது ஜெபராஜ். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யவே மாட்டார். நாலாவது அறிவுடைநம்பி. அந்தப் பெயரை வைத்தது அவருடைய அப்பா. நான் அவரைக் கல்யாணம் மட்டும்தான் செய்துகொண்டேன்.

பி பிளாக்கிலும் ஒரு நடைக் குழு உண்டு. போன வருஷம் அவர்கள் ஏதோ ஒரு மலை உச்சியில் கொடி நட்டு, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி லிஃப்ட் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆளவந்தார் லிஃப்ட் பக்கமே போவதில்லை. ஐந்து மாடியும் படியில்தான். "பொங்கலுக்குள்ள நம்ம கொடி ஒரு மலை மேல ஏறலைன்னா குழுவைக் கலைச்சிடுவேன்" என்று ஒருநாள் அறிவித்தார்.

கலைத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். குழு கலைந்தால் தினமும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை நம்பி வீட்டிலேயே இருப்பார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உடனே என்னுடைய புது மஞ்சள் மெத்தை விரிப்பைக் கொடிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மலைக்கென்று தனியாகப் போக யாருக்கும் நேரமில்லை. ஏற்கெனவே நாலு குடும்பமுமாக ஒரு சொகுசுக் கப்பலில் ஐந்து நாள் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் கப்பல் ஒரு தீவில் நிற்கும். அந்தத் தீவில் ஒரு மலை. பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இரண்டாம் நாள் காலை, நாலா பக்கமும் கடல். மேல்தளத்தில் நீச்சல் குளத்தின் ஓரமாகக் குழு கூடியது. கப்பல் காலை ஒன்பதுக்கு வரும், மாலை நாலுக்குக் கிளம்பும். மொத்தம் ஏழு மணி நேரம். வேனில் போக அரை மணி, வர அரை மணி. மலைக்கு மிச்சம் ஆறு மணி நேரம். வழிகாட்டிப் புத்தகமோ ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம் என்றது.

"ஒரு மணி நேரம் இடிக்குதே" என்றார் ஆளவந்தார்.

"வேகமா ஏறினா?" என்றார் மாசிலாமணி.

"நாலு மணி நேரம்னு அச்சடிச்சே போட்டிருக்கான். நாம மூணுல ஏறினா அது வேற மலையாயிடும்" என்றார் ஜெபராஜ்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் நீச்சல் குளத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஆளவந்தார் மெல்ல நிமிர்ந்தார்.

"இன்னிக்கு நமக்கு வேற வேலை இருக்கா?"

"இல்லை தலைவரே."

"அப்ப அந்த ஒரு மணி நேரத்தை இன்னிக்கே ஏறிட்டா என்ன?"

அந்தக் கப்பலுக்குப் பதினோரு தளம். அடித்தளத்திலிருந்து மேலே நீச்சல் குளம் வரைக்கும் படியில் ஏறினார்கள். இறங்கும்போது மட்டும் லிஃப்ட். காலால் இறங்கினால் ஏறினது கழிந்துபோய்விடுமாம். இப்படியே சரியாக ஒரு மணி நேரம். கழித்தலில் தப்புப் போட்டதற்கு எங்கள் கான்வென்ட் மதர் ஸ்கேலால் விரல்முட்டியில் போடுவார். அவரிடம் இந்த நாலு பேரையும் ஒரு வாரம் விட்டிருக்கலாம்.

நாலு பேர் என்று சொல்லிவிட்டேன், ஏறியது மூன்று பேர்தான். எங்கள் அறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை, சொல்லிவிட்டு வாருங்கள் என்று நம்பியைக் கீழே அனுப்பியிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் "கொஞ்சம் இருங்க சார்" என்றிருக்கிறாள். ஆள் வந்து, குழாயைச் சரி பண்ணி, நான் தலைக்குக் குளித்து, முடியும் காய்ந்துவிட்டது. இவர் ஒன்றரை மணி நேரமாக அங்கேயே இருந்தார். இருங்க என்றவள் போங்க என்று சொல்லவில்லையாம்.

அன்று மாலை இன்னொரு வாக்குவாதம். ஏறி முடித்த ஒரு மணி நேரம் மலையின் முதல் ஒரு மணி நேரமா, கடைசி ஒரு மணி நேரமா?

"முதல்னு வச்சா, நாளைக்கு ஒரு மணி நேர உயரத்துலேருந்து ஆரம்பிக்கணும். அங்க எப்படிப் போறது?" என்றார் மாசிலாமணி.

"அப்ப கடைசிதான்" என்று தீர்ப்புச் சொன்னார் ஆளவந்தார். "உச்சி எப்படி இருக்கும்னு நமக்குத் தெரிஞ்சும் போச்சு. அங்க ஒரு நீச்சல் குளம் இருக்கு."

மாசிலாமணி எழுதிக்கொண்டார்.

மறுநாள் கப்பல் கரையைத் தொட்டது. இறங்கும் இடத்தில் நின்ற அதிகாரி மைக்கில் சொன்னார்: "மூன்றரை மணிக்கெல்லாம் எல்லாரும் திரும்பிடணும். யாருக்காகவும் கப்பல் நிக்காது. எங்க சுத்தினாலும் கப்பல் மேல ஒரு கண் இருக்கட்டும்."

மற்ற மூன்று மனைவிமாரும் புத்திசாலிகள், கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். இவரை அனுப்பினால் திரும்பக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டுமே என்று நான் கிளம்பினேன்.

வேன்காரர் நம்ம ஊர் மனிதர். கீழக்கரை சிக்கந்தர் பாய், இருபது வருஷமாக அந்தத் தீவில் ஓட்டுகிறார். ஏறினதுமே சொன்னார்: "உச்சி வரைக்கும் அந்தப் பக்கமா ரோடு இருக்கு சார். அடிவாரத்துலேருந்து இருபது நிமிஷம். கொண்டுபோய் விட்டுடவா?"

நாலு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "நாங்க நடைக் குழு, பாய்" என்றார் ஆளவந்தார்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை, அதன் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும் என்று இருப்பதாக பாய் படித்துச் சொன்னார். ஆளுக்கு இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதரைக்கு ஏற ஆரம்பித்தார்கள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு என் முழங்கால் மேல் மரியாதை உண்டு.

மேலே நடந்ததெல்லாம் மாசிலாமணியின் மினிட்ஸிலிருந்து எனக்குத் தெரியவந்தது. அதில் பொய் இருக்காது. பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

கப்பல் மேல் கண் வைக்கும் பொறுப்பு ஜெபராஜுக்கு. மலை ஒரு பக்கம், கப்பல் மறு பக்கம் என்பதால் அவர் பின்பக்கமாகவே ஏறினார். ஒரு கண் என்று சொன்னதால் மற்றொன்றைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஒரு வளைவு வந்து கப்பல் மறைந்துவிட்டது. அவர் நின்றுவிட்டார்.

"கண்ணை எடுக்கக் கூடாது தலைவரே. அதிகாரி சொல்லியிருக்கார்."

"இப்படியே நின்னா நாங்க எப்படிப் போறது?"

பத்து நிமிஷம் ஆலோசனை. பிறகு நம்பி வளைவு வரைக்கும் இறங்கிப் போய், ஜெபராஜின் செல்போனில் கப்பலைப் போட்டோ எடுத்து வந்தார். மீதி மலையை ஜெபராஜ் போட்டோவைப் பார்த்தபடியே, பின்பக்கமாக ஏறினார்.

பன்னிரண்டரைக்கு ஒரு பாறையருகே ஆளவந்தார் கையை உயர்த்தினார். "மூணு மணி நேரம் ஆயிடுச்சு. நேத்து ஒண்ணு, இன்னிக்கு மூணு. நாலு. நாம உச்சிக்கு வந்தாச்சு."

கைதட்டினார்கள். கைகுலுக்கினார்கள். கொடியை விரிக்கப் போன சமயத்தில் மாசிலாமணி மினிட்ஸைப் புரட்டிப் பார்த்து முகம் வெளுத்துப் போனார்.

"தலைவரே, நேத்து நம்பி வரலை."

எல்லோரும் நம்பியைப் பார்த்தார்கள். மூன்று பேர் உச்சியில் நிற்கிறார்கள், அதே பாறையில் நிற்கும் இவர் மட்டும் உச்சிக்கு ஒரு மணி நேரம் கீழே நிற்கிறார்.

"மன்னிச்சிடுங்க. வெந்நீர் விஷயமாப் போயிருந்தேன்" என்றார் இவர்.

"பரவாயில்ல நம்பி. நீங்க பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஏறுங்க. கொடியையும் நீங்களே கொண்டுபோங்க, இங்க நட்டா உங்களுக்கு அது பாதி வழியில நட்டதாயிடும். மேல நீச்சல் குளம் தெரியும். அதுக்குப் பக்கத்துல நடுங்க."

இவர் கொடியை வாங்கிக்கொண்டு, குளத்தில் குளித்தால் துவட்ட வேண்டுமே என்று துண்டையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டேகாலுக்கு டீக்கடை வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. கையில் ஆறு பாட்டில் தண்ணீர், மூடிகூடத் திறக்கவில்லை.

"ஏன் குடிக்கலை?" என்றேன்.

"எடுத்துட்டுப் போகத்தானே போட்டிருந்தது சிஸ்டர்" என்றார் ஜெபராஜ், கட்டின கண்ணோடு.

"குடிச்சுத் தொலைங்க! என் வீட்டுக்காரர் எங்க?"

"அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஏற வேண்டியிருந்தது" என்று ஆளவந்தார் நிதானமாக முழுக் கதையையும் சொன்னார். நான் விரல் விட்டுப் பார்த்தேன். மூன்றரைக்குக் கப்பலில் இருக்க வேண்டிய மனுஷன், நடந்து இறங்கினால் நாலரைக்கு அடிவாரத்துக்கு வருவார். கப்பல் அதற்குள் நடுக்கடலுக்குப் போயிருக்கும். மொழி தெரியாத தீவில், யாராவது 'கொஞ்சம் இருங்க' என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே இருந்துவிடுவார்.

"பாய், வண்டியை எடுங்க! உச்சிக்கு!"

"ஏறுங்க தங்கச்சி" என்றார் பாய். அந்த நாளில் யோசிக்காமல் சரியாக நடந்துகொண்ட ஒரே மனிதர்.

"நீங்களும் வாங்களேன்" என்று மற்றவர்களை மரியாதைக்குக் கூப்பிட்டேன்.

"நாங்க இறங்கியாச்சு சிஸ்டர். மறுபடி ஏறினா எல்லாம் குழம்பிடும்" என்றார் ஆளவந்தார். உடனே அவருக்கு வேறொரு கவலை. "மாசிலாமணி, இறங்க மூணு மணி நேரமாச்சே. நாம ஒண்ணே முக்கால்லயே வந்துட்டோம். இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இறங்கணுமே, இங்க பள்ளம் எதுவும் இல்லையே!"

அதற்குப் பதிலைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

உச்சியில் வெறும் பாறை, காற்று, மூன்று ஆடுகள். ஒரு காய்ந்த கம்பத்தில் என் மெத்தை விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், தோளில் துண்டோடு என் வீட்டுக்காரர், ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"நீச்சல் குளம் கோதை. ஒரு மணி நேரமாத் தேடறேன். இங்கதான் இருக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆடுகளே நகர்ந்துகொண்டன. "வண்டியில ஏறுங்க."

"ஏறக் கூடாதும்மா. மூணு மணி நேரம் நடந்து இறங்கணும்."

கத்திப் பிரயோஜனமில்லை. முப்பது வருஷ அனுபவம். மூச்சை இழுத்து விட்டுவிட்டு, அவர் பாஷையில் பேசினேன். "நேத்து அவங்க கப்பல்ல ஏறினாங்க இல்ல? நீங்க இன்னிக்குக் கப்பல்ல இறங்கிக்கங்க. பதினோரு தளம் இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தோணலையே!"

விரிப்பை அவிழ்க்கலாம் என்று கம்பத்தைப் பிடித்தேன். நல்ல முடிச்சு. இவருக்கு முடிச்சுப் போட மட்டும் வரும். "நேரமில்ல தங்கச்சி!" என்று பாய் ஹாரனை அடித்தார். விட்டுவிட்டு வந்தேன். அடிவாரத்தில் பள்ளம் தேடிக்கொண்டிருந்த மூன்று பேரையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, மூன்று இருபத்தொன்பதுக்குக் கப்பல் வாசலில் நின்றோம்.

நாலு மணிக்குக் கப்பல் கிளம்பியபோது குழு மேல்தளத்தில் இருந்தது. மிச்ச இறக்கத்தை முடிக்க லிஃப்டில் மேலே வந்திருந்தார்கள். கிளம்புமுன், உச்சியில் நம்பி எடுத்த போட்டோவை ஆளவந்தார் பரிசீலித்தார். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார்.

"குளம் எங்க?"

"இல்லை தலைவரே. ஆடுதான் இருந்தது."

"அப்ப இது உச்சி இல்ல. நீங்க வழி தவறி வேற எங்கயோ போயிட்டீங்க. எழுதிக்கங்க மாசிலாமணி: மூவர் உச்சியை அடைந்தனர். நம்பி முயன்றார்."

இவரும் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். நாலு பேரில் உச்சியை மிதித்த ஒரே ஆள்!

அப்போதுதான் தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்த தீவைப் பைனாகுலரில் பார்த்த மாசிலாமணி அலறினார். "தலைவரே! அந்த மலை உச்சியில ஒரு கொடி பறக்குது! மஞ்சள் கொடி!"

ஆளவந்தார் பைனாகுலரைப் பிடுங்கினார். "பி பிளாக்காரங்க! நமக்கு முன்னாடியே வந்து நட்டிருக்காங்க. துணிகூட நம்ம துணி மாதிரியே வாங்கியிருக்கானுங்க!"

"அது என்னோட மெத்தை விரிப்பு!" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

நம்பி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் தலைவரே. நான் நம்ம கொடியை நட்டுட்டு நாலு அடிதான் வந்திருப்பேன். திரும்பிப் பார்க்கிறேன், அதுக்குள்ள அங்க ஒரு கொடி பறக்குது!"