எழுந்து நடந்த குடில்

சேற்றுத்துறை யூதர்களுக்கு மூளை கம்மி என்று கொச்சிக்காரர்கள் சொல்வார்கள். சேற்றுத்துறைக்காரர்கள் கூட்டம் போட்டு, இதை நன்றாக யோசித்து, இருக்கலாம் என்று ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

"என் தலை தொப்பி வைக்க மட்டும்தான்," என்று நஃப்தாலி தானே சொல்லிக்கொள்வான். ஆனால் இந்தக் கூடாரப் பண்டிகைக்கு அவன் மாமனார் எசெக்கியேல் முதல்முறையாகக் கொச்சியிலிருந்து வந்திருந்தார்.

"ஊரே சிரிக்கட்டும். எங்கப்பா சிரிக்காம பாத்துக்குங்க," என்றாள் மனைவி ரிவ்கா.

பண்டிகைச் சாப்பாட்டை ஓலைக் குடிலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஊர்க் குருவான ரபி சொல்லியிருந்தார். ஆகவே நஃப்தாலி தரையில் உட்கார்ந்தே உயரம் அளந்து, மூங்கிலும் ஓலையுமாகக் குடில் கட்டினான். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும்.

சாயங்காலம், மாமனார் கைகால் கழுவப் போயிருந்த நேரத்தில், நண்பர்கள் செபுலோனும் ஆசேரும் தவழ்ந்து வந்து ரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஆசேருக்கு ரபி சொன்னதில் மீதி ஞாபகம் வந்தது.

"ரொட்டிக்கான ஆசீர்வாதத்தை உட்கார்ந்து சொல்லலாம்பா. குடிலுக்கானதை நின்னுதான் சொல்லணும்."

மூவரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அது மூக்குக்கு மேலேயே இருந்தது.

"ஓலையை விலக்கித் தலையை வெளிய நீட்டுவோம்," என்றான் நஃப்தாலி.

"ஆசீர்வாதம் சொல்றது எது?" என்று கேட்டான் ஆசேர்.

"வாய்."

"வாய் குடிலுக்கு வெளிய இருக்குமே. உள்ள இருக்கிற காலா சொல்லும்?"

தாடியைத் தடவிய செபுலோன் சொன்னான்: "நாம நின்னா, குடிலும் நிக்கட்டும்."

மூவரும் கூரையைத் தலையில் தாங்கி எழுந்தார்கள். குடிலும் எழுந்தது. செபுலோன் பக்திமான், ஜெபம் என்றால் முன்னும் பின்னும் ஆடாமல் சொல்ல வராது. அவன் ஆட, மற்றவர்கள் தள்ளாட, ஆசீர்வாதம் முடிந்து உட்கார்ந்தபோது எதிரே ரொட்டி இல்லை.

"ரொட்டி எங்கடா போச்சு?" என்றான் நஃப்தாலி.

"ரொட்டி அங்கயேதான் இருக்கும். நாமதான் வந்துட்டோம்."

"வெளிய போய் எடுத்துட்டு வரவா?"

"குடிலை விட்டுப் போனா, திரும்ப வந்து முதல்லேருந்து நின்னு சொல்லணும்," என்றான் ஆசேர்.

குடிலோடு எழுந்து தேடினார்கள். ஓலைச் சுவர் கண்ணை மறைத்ததால் முதலில் கிணற்றடிக்கும், பிறகு ஆட்டுக் கொட்டிலுக்கும் போனார்கள்.

இதற்குள் எசெக்கியேல் வந்துவிட்டார். திறந்த வெளியில் பாய் கிடந்தது, ரொட்டி இருந்தது, மாப்பிள்ளையைக் காணோம். பசியோடு உட்கார்ந்தவர், ஆட்டுக் கொட்டில் பக்கமாக ஆறு கால்களோடு அசைந்து வரும் ஓலைக் குடிலைப் பார்த்து, மெதுவாக எழுந்திருக்கப் பார்த்தார்.

ஓலை இடுக்கு வழியே அதைக் கண்ட நஃப்தாலி இடுக்கில் வாயை வைத்தான்.

"ரிவ்கா, உங்கப்பாவை அசையாம உட்காரச் சொல்லு," என்று வீட்டுக்குள் கேட்கும்படி குரல் கொடுத்தான். "குடில் அவர்கிட்டதான் வந்துக்கிட்டிருக்கு."